14 பாத்திரங்களோடு போகாதீர்கள்: ரொறன்ரோவில் புது நாடகம் எழுத வருவோருக்கு

ரொறன்ரோவுக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் என் முதல் ஆங்கில நாடகத்தை எழுதி முடித்தேன். மூன்று அங்கம், 14 பாத்திரங்கள், மேடை நடுவில் ஒரு கிணறு. பெயரை மட்டும் மாற்றிய ஒரே கடிதத்தோடு ஆறு நாடகக் கம்பனிகளுக்கு அனுப்பினேன். அவசரத்தில் இரண்டு உறைகளுக்குள் கடிதம் மாறிப் போய்விட்டது. ஐந்து இடங்களிலிருந்து ஒரு சத்தமுமில்லை. ஆறாவது இடத்திலிருந்து நாலு வரி வந்தது. 14 பேருக்குச் சம்பளம் கொடுக்கத் தங்களால் ஏலாதாம். ஆனால் கிணற்றடியில் சகோதரிகள் இருவர் கதைக்கிற காட்சி தனியே ஒரு நாடகமாக வளரக்கூடுமாம், அதை மட்டும் எழுதி அனுப்பினால் வாசிப்பார்களாம். நான் அதை 'வேண்டாம்' என்ற பதிலாக எடுத்துக்கொண்டு லாச்சிக்குள் போட்டேன். அது ஒரு அழைப்பு என்று விளங்க நாலு வருடம் பிடித்தது.

அந்த நாலு வருடம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே வேலை எப்படி நடக்கிறது

நமக்குப் பழக்கமான முறை வேறு. எழுதினவரே நெறியாளர், ஆள் வராத நாளில் அவரே கதாநாயகனின் தகப்பன். யாரோ ஒருவருடைய பேஸ்மென்டில் இரண்டு மாத ஒத்திகை, பாடசாலை மண்டபத்தில் ஒரு மாலை மேடையேற்றம், திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்கு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனவெளி என்ற தமிழ் நாடகக் குழுவின் 'அரங்காடல்' மேடையேற்றங்களை 1990களிலிருந்து இந்த நகரில் தாங்கி நிற்பது அந்த உழைப்புத்தான்.

டாரகன், ஃபாக்டரி, கஹூட்ஸ், பாஸ் முராய் போன்ற தொழில்முறை அரங்குகளின் கணக்கு வேறு. முடிந்த நாடகத்தை வாங்கி மேடையேற்றுவது அவர்களுடைய வேலையில் சிறு பகுதிதான். அரைகுறையாக இருக்கிற ஒரு நல்ல நாடகத்தைக் கண்டுபிடித்து, எழுதினவரோடு கூட இருந்து, இரண்டு மூன்று வருடம், சில வேளை ஐந்து வருடம் அதை வளர்த்தெடுப்பது மீதி. பிறகு மூன்று நாலு கிழமை தொடர்ந்து ஓடும். ஆகவே, நீங்கள் அங்கே கொண்டுபோவது சமைத்த சாப்பாட்டை அல்ல, உலையில் கொதிக்கிற பானையை. இது விளங்கினால் மற்றதெல்லாம் லேசு.

இந்த அரங்குகள் ஏன் வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது அதற்குள்தான் இருக்கிறது. 1960களின் முடிவு வரை கனடாவின் பெரிய மேடைகளில் ஓடியவை பெரும்பாலும் ஷேக்ஸ்பியர், லண்டன் நாடகங்கள், நியூயோர்க் நாடகங்கள். உள்ளூரில் எழுதுகிறவனுக்கு மேடை இல்லை. 1970இல் கென் காஸ் என்ற இளைஞர், டுபான்ட் தெருவில் வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றின் மேல்மாடியில் ஃபாக்டரி தியேட்டர் லாபைத் தொடங்கி, கனடிய நாடகங்களை மட்டுமே போடுவேன் என்று அறிவித்தார். கையில் நாடகங்கள் இல்லாதபோதே அறிவித்துவிட்டார் என்பதுதான் அதன் அழகு. பிரதி கேட்டுத் தெருவிளக்குக் கம்பங்களில் அறிவித்தல் ஒட்டினார்கள். அதைப் பார்த்து எழுதத் தொடங்கிய ஒரு டாக்சி ஓட்டுநர்தான் ஜோர்ஜ் எஃப். வாக்கர். அவருடைய முதல் நாடகம் 1971இல் அங்கே ஏறியது. பிறகு இந்த நாட்டின் முக்கியமான நாடகாசிரியர்களில் ஒருவரானார்.

அதே 1971இல் பில் கிளாஸ்கோவும் ஜேன் கிளாஸ்கோவும் டாரகன் தியேட்டரைத் திறந்தார்கள். முதல் நாடகம் டேவிட் ஃப்ரீமன் எழுதிய 'கிரீப்ஸ்'. அது நடப்பது மாற்றுத் திறனாளிகள் வேலை செய்யும் ஓரிடத்தின் கழிப்பறைக்குள். எழுதியவருக்கே பெருமூளை வாதம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் ஃபாக்டரியில் பில் கிளாஸ்கோ நெறிப்படுத்திய அதே நாடகம்தான். அந்தக் கோடையில் கியூபெக்கின் கஸ்பே குடாநாட்டில் கூடிய நாடகாசிரியர்கள், பொதுப்பணம் வாங்கும் அரங்குகள் பாதிக்குப் பாதி கனடிய நாடகம் போடவேண்டும் என்று ஓர் அறிக்கை விட்டார்கள். அந்தச் சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை. 'எங்கள் கதையை எங்கள் வாயால்' என்ற கோபத்தில் பிறந்த அரங்குகள் இவை. அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் தமிழரும் மற்றக் குடிவரவாளரும் நிறைந்த ஸ்காபரோவும் வருமா என்பது பிந்திய காலத்துச் சண்டை. 1986இல் தொடங்கிய கஹூட்ஸ், 1982இல் முதற்குடி மக்களுக்காகத் தொடங்கிய நேட்டிவ் எர்த் போன்றவை அந்தச் சண்டையில் வந்தவை.

முதல் வேலை: போய்ப் பாருங்கள்

ஒரு நாடகம்கூடப் பார்க்காத அரங்குக்குப் பிரதி அனுப்பாதீர்கள். மூத்தோர் சொல்லும் முதல் புத்தி இதுதான். நான் அதைத்தான் முதலில் மீறினேன்.

டாரகன் பிரிட்ஜ்மன் அவெனியூவில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். டுபான்ட் சப்வேயிலிருந்து நடக்கிற தூரம். இருநூறு பேர் அளவுக்கு ஒரு மேடை, அதில் ஏறக்குறையப் பாதி அளவில் இன்னொன்று. ஃபாக்டரி இப்போது பாதர்ஸ்ட், அடிலெய்ட் சந்தியில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. பாஸ் முராய் ரையர்சன் அவெனியூவில். அதன் 1972ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற படைப்பு, நடிகர்கள் ஒன்ராறியோக் கிராமம் ஒன்றுக்குப் போய் விவசாயிகளோடு தங்கி உருவாக்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. டாரகன் சொல்லில் நிற்கிற அரங்கு என்பது என் எண்ணம். பாஸ் முராய் கூட்டு உருவாக்கத்தில் ஊறியது. கவித்துவமான நீண்ட வசனம் எழுதுகிறவரும், நடிகரோடு தரையில் உருண்டு நாடகம் செய்கிறவரும் ஒரே கதவைத் தட்டத் தேவையில்லை.

காசு பற்றி: முன்னோட்டக் காட்சிகளுக்கு டிக்கெட் மலிவு. 'இயன்றதைக் கொடுங்கள்' என்ற நாட்களும் உண்டு. பல சிறு அரங்குகளில் வாசலில் டிக்கெட் பார்க்கும் தொண்டு வேலைக்குப் பெயர் கொடுத்தால் நாடகத்தை இலவசமாகப் பார்க்கலாம். ஒரு குளிர்காலம் முழுக்க நான் அப்படித்தான் பார்த்தேன்.

பார்க்கும்போது மூன்றை எண்ணுங்கள். மேடையில் எத்தனை பேர்? எத்தனை இடம் மாறுகிறது? எத்தனை நிமிடம்? பெரும்பாலும் விடை மூன்று நாலு பேர், ஒரே இடம், இடைவேளை இல்லாத தொண்ணூறு நிமிடம் என்றுதான் வரும். இது கலைச் சட்டமல்ல, பணச் சட்டம். ஆனால் அந்த நெருக்கத்துக்குள் நல்லது பிறந்திருக்கிறது: ஒரு கழிப்பறை, ஒரு மூலைக்கடை, ஒரு சமையலறை.

வீட்டுக்கு வந்ததும் நிகழ்ச்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள். நடிகர் படங்களை விடுங்கள். 'இந்த நாடகம் இன்ன பட்டறையில், இன்ன எழுத்தாளர் குழுவில், இன்ன நிதியோடு வளர்ந்தது' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதுதான் உங்களுக்கு வழி காட்டும் வரைபடம். பத்துப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கதவால் போனவர்கள் எந்த மேடைக்கு வந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

பிரதியைச் சரிப்படுத்துதல்

வடிவத்தில் புதுமை காட்டாதீர்கள். முதல் பக்கத்தில் பெயர், தொடர்பு விபரம், எத்தனையாவது வரைவு, திகதி. அடுத்த பக்கத்தில் பாத்திரங்கள், இடம், காலம். ஒரு நடிகர் இரண்டு பாத்திரம் செய்யலாமென்றால் அதை அங்கேயே எழுதிவிடுங்கள், வாசிக்கிறவர் மனதுக்குள் சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார். பக்க இலக்கம் போடாமல் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தமிழ் வசனம் வந்தால்? வரலாம், வரவும் வேண்டும். நடிக்கிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதிருக்கலாம் என்பதால் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தந்து, பக்கத்தில் பொருளும் தாருங்கள். மேடையில் அதை மொழிபெயர்ப்பதா, மேலே எழுத்தில் காட்டுவதா, விளங்காமலே விடுவதா என்பது பிறகு பட்டறையில் தீர்மானிக்க வேண்டிய விடயம். என் தனிப்பட்ட அபிப்பிராயம்: ஒரு சொல்லைப் பாத்திரம் சொல்லிவிட்டு உடனே ஆங்கிலத்திலும் சொல்வது பொய்யாக ஒலிக்கும். எந்த அம்மா தன் பிள்ளையிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு அதை ஆங்கிலத்தில் திரும்பக் கேட்கிறாள்?

முழுக்கத் தமிழில் எழுதிப் பிறகு மொழிபெயர்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. டாரகனின் ஆரம்ப காலப் பெயருக்கு ஒரு பெரிய காரணமே மொழிபெயர்ப்பு. கிழக்கு மொன்றியல் தொழிலாளர் பேச்சில் மிஷெல் திரெம்பிளே எழுதிய நாடகங்களை பில் கிளாஸ்கோவும் ஜோன் வான் பியூரக்கும் ஆங்கிலமாக்கி அங்கே ஏற்றினார்கள். மொன்றியல் சேரிப் பேச்சு ஏறிய மேடையில் வடமராட்சிப் பேச்சு ஏற முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மொழிபெயர்ப்பவர் ஒரு கலைஞர், அவருக்குப் பெயரும் பணமும் உண்டு என்பதை முதலே பேசி எழுதி வையுங்கள். மருமகளிடம் 'பின்னேரம் கொஞ்சம் ஆங்கிலமாக்கித் தா பிள்ளை' என்று கொடுக்கிற வேலை இதல்ல.

அனுப்புவதற்கு முன் ஒரு முறை காதால் கேளுங்கள். நாலு சிநேகிதரைக் கூப்பிட்டு, தேநீரும் பற்றிசும் வைத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்கக் கூடாது. ஒரு பாத்திரமும் எடுக்கக் கூடாது. கையில் பேனையோடு இருந்து, எங்கே வாசிப்பவர் தடுக்குகிறார், எங்கே கேட்கிறவர் போனைப் பார்க்கிறார் என்று ஓரத்தில் கோடு போடுங்கள். என் கிணற்று நாடகத்தை இப்படிக் கேட்டபோது இரண்டாம் அங்கத்தில் மச்சான் நித்திரையாகிவிட்டான். அந்த அங்கம் இப்போது இல்லை.

அனுப்புதல்

பெரும்பாலான அரங்குகள் வருடம் முழுக்கப் பிரதி வாங்குவதில்லை. குறித்த மாதங்களில் வாசலைத் திறக்கும், விதி வருடத்துக்கு வருடம் மாறும்; அவர்களுடைய இணையப் பக்கத்தை அனுப்புகிற அன்றே பாருங்கள். பத்துப் பக்கம் கேட்டால் பத்துப் பக்கம். பதினொன்று அல்ல.

கடிதம் ஒரு பக்கம் தாண்டக் கூடாது. நாடகம் எதைப் பற்றியது என்று இரண்டு வரி, நீங்கள் யார் என்று இரண்டு வரி, ஏன் இந்த அரங்கு என்று இரண்டு வரி. அந்த மூன்றாவது இரண்டு வரியில்தான் நீங்கள் உண்மையிலேயே அங்கே நாடகம் பார்த்தவரா என்பது பிடிபடும். ஊரில் செய்ததை மறைக்காதீர்கள். யாழ்ப்பாணத்து நாடக அரங்கக் கல்லூரியில் பயின்றவரோ, குழந்தை சண்முகலிங்கத்தின் நாடகத்தில் நடித்தவரோ என்றால் அது அனுபவம்; அதை ஒரு வரியில் விளக்கி எழுதுங்கள். புலம்பெயர் துயரம் முழுவதையும் எடுத்துரைக்கும் படைப்பு என்று மட்டும் எழுத வேண்டாம். கிணற்றடியில் இரண்டு சகோதரிகள் ஒரு வாளிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

பிறகு காத்திருப்பு. மாதக் கணக்கில். டாரகனை 1982 முதல் 2001இல் இறக்கும்வரை நடத்திய உர்யோ கரேடா, வருகிற பிரதிகளுக்குத் தானே கடிதம் எழுதிப் பதில் சொல்வதில் பேர்போனவர். இப்போது அந்த ஆடம்பரம் அரிது. ஆகவே, பதிலில் உங்கள் நாடகத்தின் ஒரு காட்சியையாவது பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால், அது யாரோ நேரமெடுத்து வாசித்ததன் அடையாளம். நன்றி எழுதி, அடுத்த வரைவை அனுப்பலாமா என்று கேளுங்கள். லாச்சிக்குள் போடாதீர்கள்.

எழுத்தாளர் குழுவும் டிராமடர்க்கும்

பல அரங்குகள் வருடா வருடம் சில எழுத்தாளர்களைச் சேர்த்து ஒரு குழு நடத்தும். புதியவருக்கு நேரடி மேடையேற்றத்தை விட இதுதான் எட்டக்கூடிய வாசல். குறித்த இடைவெளியில் கூடி, ஒருவர் மற்றவருடைய பக்கங்களை வாசித்து, வருட முடிவில் ஒவ்வொருவரும் ஒரு வரைவு முடிக்க வேண்டும்.

அங்கேதான் டிராமடர்க் என்ற ஆளைச் சந்திப்பீர்கள். தமிழில் சரியான ஒற்றைச் சொல் எனக்கு வாய்க்கவில்லை. நெறியாளர் அல்ல, ஆசிரியர் அல்ல, தணிக்கையாளர் நிச்சயமாக அல்ல. உங்கள் நாடகம் என்னவாக இருக்க முயல்கிறது என்று உங்களைவிட நிதானமாகப் பார்த்து, கேள்வி கேட்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். 'அக்கா ஏன் இன்றைக்குக் கிணற்றடிக்கு வந்தாள்? நேற்று ஏன் வரவில்லை?' என்று என்னிடம் ஒருவர் கேட்டார். ஒரு கிழமை எனக்குக் கோபம். இரண்டாம் கிழமை விடை தேடினேன். விடை கிடைத்தபோது நாடகத்தின் தொடக்கம் இருபது பக்கம் கீழே இறங்கிவிட்டது.

நம்மில் பலருக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். நமக்கு மூத்தவர் சொன்னால் தலையாட்டிப் பழக்கம். அல்லது வெள்ளைக்காரனுக்கு எங்கள் வாழ்க்கை விளங்காது என்று ஒரே அடியாக மறுத்துப் பழக்கம். இரண்டும் உதவாது. 'இந்த இடம் விளங்கவில்லை' என்று அவர் சொன்னால் அதை நம்புங்கள். விளங்காத இடத்தை அவரைவிட நன்றாக யாரும் காட்டமாட்டார்கள். 'இப்படி மாற்றலாம்' என்று சொன்னால் நம்பத் தேவையில்லை. நோயை அவர் சொல்லட்டும், மருந்தை நீங்கள் எழுதுங்கள். செத்த வீட்டில் மச்சாளும் மச்சாளும் ஏன் கதைக்கவில்லை என்பதை விளக்கச் சொல்லி நெருக்கினால், விளக்கமாட்டேன், ஆனால் பார்ப்பவருக்கு உறைக்கும்படி காட்டுகிறேன் என்று சொல்லலாம். அது வாதம் அல்ல, வேலை.

பட்டறை

குழுவுக்கு அடுத்த படி பட்டறை. மூன்று முதல் ஐந்து நாள், சம்பளத்துக்கு வந்த தொழில்முறை நடிகர்கள், ஒரு நெறியாளர், டிராமடர்க், மேடை முகாமையாளர். உடுப்பு இல்லை, ஒளி இல்லை, இசைக்கலைஞர் தாள் வைக்கும் தாங்கிகள் மட்டும். நடிகர் சங்கத்தின் விதிப்படி நேரம் நடக்கும்: இடைவேளை என்றால் இடைவேளை, முடிவு நேரம் என்றால் முடிவு. 'இன்னும் ஒரு அரை மணித்தியாலம் இருங்கோ தம்பி' என்று இங்கே கேட்க முடியாது.

முதல் நாள் முழுவதும் வாசிப்பு. உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். இரவு வீட்டுக்குப் போய்த் திருத்தி, காலையில் புதுப் பக்கங்களோடு வரவேண்டும். ஆகவே அந்தக் கிழமை இரவு ஷிப்ட் எடுக்காதீர்கள். ஒவ்வொரு புதுப் பக்கத்தின் அடியிலும் திகதி போடுங்கள். மூன்றாம் நாள் ஆளுக்கொரு வரைவு கையில் வைத்துக்கொண்டு முழிப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கும், உங்களால் நடக்க வேண்டாம்.

நடிகர் கேள்வி கேட்டால் நீண்ட விளக்கம் கொடுக்காதீர்கள். 'இவள் இதைச் சொல்லும்போது எதை மறைக்கிறாள்?' என்று ஒரு நடிகை கேட்டால், அவளுடைய வாழ்க்கை வரலாற்றைத் தொடங்காமல், விடை வசனத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரவு வேலை அதுதான். நல்ல நடிகரின் வாயில் ஒரு வசனம் மூன்று முறை தடுக்கினால் பிழை வசனத்தில்.

கடைசி நாள் சில வேளை பொது வாசிப்பு இருக்கும். நாற்பது ஐம்பது பேர் வருவார்கள், முடிவில் கருத்துச் சொல்வார்கள். எழுதி வையுங்கள், அன்றிரவு ஒன்றையும் மாற்றாதீர்கள்.

பணம், உரிமை

கனடாச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமல்ல. ஒரு அரங்கு உங்கள் நாடகத்தை வளர்க்கப் பணம் தந்தாலும் உரிமை உங்களிடமே இருக்கும். அவர்கள் வாங்குவது குறித்த காலத்துக்குள் முதலில் மேடையேற்றும் வாய்ப்பை. மேடைக்கு வந்தால் டிக்கெட் வருமானத்தில் 10 வீதம் என்பது வழக்கமான பங்கு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 100 இருக்கை, பாதி நிரம்பி, 30 டொலர் டிக்கெட், 20 காட்சி என்றால் மொத்தம் 30,000 டொலர், உங்களுக்கு 3,000. ஐந்து வருட வேலைக்கு. வேலையை விட்டுவிட்டு எழுத வராதீர்கள். ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துக்கு முன் கனடிய நாடகாசிரியர் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுதும் காலத்துக்கு உதவுவது ஒன்ராறியோக் கலைக் கழகத்தின் பரிந்துரை நிதி. அரங்குகள் எழுத்தாளர்களைப் பரிந்துரைக்கும், பணம் கலைக் கழகத்திலிருந்து நேரே எழுத்தாளருக்கு வரும். உங்கள் நாடகத்தைப் போடும் எண்ணமில்லாத அரங்கும் பரிந்துரைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத விடயம்.

எல்லாரும் வேண்டாம் என்றால் இன்னொரு வாசல் உண்டு: 1989 முதல் கோடையில் நடக்கும் ஃபிரிஞ்ச் விழா. அங்கே தெரிவு குலுக்கலில். தகுதி பார்க்க ஒருவரும் இல்லை, செலவும் உங்களுடையது. இன்ஸ் சோய் கொரியக் குடும்பத்தின் மூலைக்கடையைப் பற்றிய நாடகத்தை ஆசிய கனடிய அரங்கான ஃபியூ-ஜெனின் எழுத்தாளர் குழுவில் தொடங்கி, 2011இல் ஃபிரிஞ்சில் தானே மேடையேற்றினார். 2012இல் சோல்பெப்பர் அரங்கு எடுத்தது. 2016இல் அது தொலைக்காட்சித் தொடரானது. நம் பக்கத்தில், போரில் நினைவு சிதைந்த தமிழ்ப் பத்திரிகையாளர் ஒருவரைப் பற்றி நரம்பியல் மருத்துவர் சுவேந்திரினி லீனா எழுதிய நாடகத்தை 2016இல் கஹூட்ஸ், ஃபாக்டரியோடு சேர்ந்து மேடையேற்றியது.

மேடைக்கு வந்தபின்

ஒத்திகை மூன்று நாலு கிழமை. முதல் கிழமை தினமும் போங்கள். இரண்டாம் கிழமை போகாதீர்கள், நெறியாளரும் நடிகரும் உங்களைப் பார்க்காமல் பிழை விட ஒரு இடம் வேண்டும். நடிகரிடம் நேரே திருத்தம் சொல்வது இங்கே பெரிய குற்றம். எதையும் நெறியாளரிடம் சொல்லுங்கள். முன்னோட்டக் காட்சிகளில் கடைசி வரிசையில் இருந்து, ஆட்களுடைய முதுகைப் பாருங்கள்.

முதல் இரவுக்குச் சொந்தக்காரரைக் கூப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏழரை என்றால் ஏழரைக்குக் கதவு சாத்துவார்கள், சின்ன அரங்குகளில் பிந்தி வருபவரை உள்ளே விடவே மாட்டார்கள். எங்கள் சனத்துக்கு ஆறரை என்று சொல்லுங்கள். நான் ஏழு என்று சொன்னேன். பெரியம்மா வாசலில் நின்றபடி கிணற்றடிச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.